அரைமாத்திரை கொடுத்த முழு மாத்திரை

மருந்துக்கடையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கும் அந்த மனிதருக்குத் தெருவே கூடி வைத்த பெயர் அரைமாத்திரை. தலைவலி என்று யார் வந்து நின்றாலும், "முழுசு எதுக்கு? அரை போடுங்க. நிறைய தண்ணி குடிங்க, கொஞ்சம் தூங்குங்க" என்பார். பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினாலும் பதில் மாறாது. கடை முதலாளி ஒருநாள் பொறுமை இழந்து, "யோவ், நீ மாத்திரை விக்க வந்தியா, விக்காம இருக்க வந்தியா?" என்று கேட்டே விட்டார். அரைமாத்திரை அதற்கும் அசரவில்லை. வலி மாத்திரை என்றால் அவருக்கு அத்தனை பயம், அத்தனை மரியாதை.

அவர் மனைவி தபால்காரம்மா. ஒரே வழியில் இருபத்து மூன்று வருஷம் நடந்தவள். எந்த வீட்டுத் தபால்பெட்டி மூடி விரலைக் கடிக்கும், எந்த மாடிப்படியில் எத்தனையாவது படி ஆடும், எந்த நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த வழியில் கடைசியாக வரும் மூன்றாம் மாடி வீட்டில் கண் தெரியாத சங்கீத டீச்சர் ஒருத்தர் இருந்தார். அவருக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். அது தபால் இலாகா கொடுத்த வேலையில்லை, அவளே எடுத்துக்கொண்ட வேலை. அரைமாத்திரைக்கு அவள் மனைவியானதும் அந்த வழியிலேதான். கடைக்கு வந்த மருந்துப் பார்சலுக்குக் கையெழுத்து வாங்க வந்தவள், "என்னங்க, கையெழுத்தும் பாதிதான் போடுவீங்களா?" என்று கேட்டாள். அதற்குப்பின் அவர் முழுப் பெயரையும் எழுதத் தொடங்கினார்.

தினமும் காலையில் அவர்கள் வீட்டில் ஒரு காரியம் தவறாமல் நடக்கும். அவள் வாசல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுவாள். பாதி கட்டும்போதே இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவாள். அவர் அட்டையிலிருந்து பிதுக்கி வைத்திருக்கும் கால்சியம் ஒன்றையும் விட்டமின் ஒன்றையும் அந்த உள்ளங்கையில் போடுவார். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். கண் லேஸில் இருக்கும். கை வாய்க்குப் போகும். ஒரு மடக்குத் தண்ணீரோடு காரியம் முடியும். "என்ன மாத்திரைன்னு ஒருநாளாவது பாத்தியா?" என்று அவர் கேலி செய்தால், "ஊருக்கே அரை அரையா அளந்து கொடுக்கிற மனுஷன் எனக்கா தப்பாக் கொடுக்கப் போறாரு?" என்பாள். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே அவர் அந்தக் கேள்வியை மாதம் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் குதிகாலில் வலி வந்தது. வலது கால். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறினாற்போல் இருக்கும். பத்து அடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். ஆறு மாதம் வெந்நீரில் வைத்துப் பார்த்தாள், மெத்தென்ற செருப்பு வாங்கிப் பார்த்தாள், யாரோ சொன்னார்களென்று குதிகாலடியில் பந்தை வைத்து உருட்டியும் பார்த்தாள். வலி இடத்தைக் காலி செய்யவில்லை. தபாலாபீஸ் சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். பத்து வாரம் அவகாசம் கொடுத்தார். அதுவரை பாதி வழி மட்டும் நடந்தால் போதும். பத்தாவது வார முடிவில், முழு வழியும் நடக்க முடியும் என்று வைத்தியம் பார்ப்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தெருவாரியாகக் கடிதம் பிரிக்கிற அறைக்கு நிரந்தரமாக மாற்றம். அது ஆபீஸின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத ஒரு அறை.

"அங்க உக்காந்து கவரைத் தெருவாரியா அடுக்கிக்கிட்டு இருந்தா, நான் கவர்ல ஒட்டின ஸ்டாம்ப் மாதிரி ஆயிடுவேங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படித்தான் ஷாக்வேவ் சிகிச்சைக்குப் போனார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் தபால்காரம்மா, "கரண்ட் வைக்கப் போறாங்களா?" என்று பயந்தாள். கால்வலிக்காரர்கள் வருகிற இடத்தை லிஃப்ட் இல்லாத முதல் மாடியில் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பதினேழு படி. மேலே ஏறி முடித்தபோது, "ஏறி வந்தவங்களுக்கு மட்டும்தான் வைத்தியம் போலிருக்கு" என்று மூச்சு வாங்கினாள்.

உள்ளே இருந்த பிசியோ நாற்பது வயதுக்காரி. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதை மேஜையெல்லாம் தேடுகிற ரகம். பேச்சில் மட்டும் தேடல் கிடையாது, நேரே வரும்.

"கத்தி இல்லை, ஊசி இல்லை, கரண்டும் இல்லைம்மா. வெளியில இருந்தே தட்டறதுதான். ரொம்ப நாள் ஆன புண்ணு இது. உடம்பு பாத்துப் பாத்து சலிச்சுப்போய்க் கண்டுக்காம விட்டுடுச்சு. நாம தட்டினா, அடடா, இங்க ரிப்பேர் வேலை பாக்கி இருக்கேன்னு ஆள் அனுப்பும். அவ்வளவுதான்."

ஹேர் டிரையர் போன்ற கைப்பிடி ஒன்று, அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் உலோக வட்டம். குதிகாலில் ஜில்லென்று ஜெல்லைத் தடவிவிட்டுப் பிசியோ சொன்னாள்:

"இந்த வைத்தியத்துல பாதி என் கையில, பாதி உங்க வாயில. எங்க ரொம்ப வலிக்குதோ அங்கதான் நான் தட்டணும். வலிக்கவே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. நம்பரைச் சொல்லிக்கிட்டே இருங்க. மரியாதைக்காகக் குறைக்கக் கூடாது, என்னைப் பயமுறுத்த ஏத்தவும் கூடாது. இன்னொண்ணு. இது முடியற வரைக்கும் வலி மாத்திரை கிடையாது. வலியை அமுக்கிட்டா நான் குருட்டாம்போக்குல தட்டிக்கிட்டு இருப்பேன். உடம்பு அனுப்பற ஆளையும் வாசலோட திருப்பி அனுப்பின மாதிரி ஆயிடும்."

"அவர் மருந்துக்கடையில இருக்கார்" என்று தபால்காரம்மா பெருமையாகச் சொன்னாள். "வலி மாத்திரையைக் கண்ணுலயே காட்ட மாட்டார்."

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அரைமாத்திரை, எனக்குத் தெரியாததா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

டக் டக் டக் என்று இயந்திரம் ஓடியது. "இங்கயா?" "ஆறு." "இங்க?" "அம்மாடி! எட்டு. அங்கதான், அங்கதான்." பிசியோ அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள். இரண்டாயிரம் தட்டு. தபால்காரம்மாவின் கட்டைவிரல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. அரைமாத்திரை சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தில் இருக்கிற எல்லா எலும்பையும் எண்ணி முடித்தார். மனைவி பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

ரெண்டு நாள் வலி கொஞ்சம் கூடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம் என்று பிசியோ முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினாள். கேட்டுக்கொண்டுதான் வந்தார் அரைமாத்திரை. கேட்டது வேறு, கண்ணால் கண்டது வேறாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர் கண் விழித்தார். பக்கத்தில் அவள் இல்லை. கட்டிலுக்குக் கீழே ஏதோ உரசுகிற சத்தம். லேசாகத் தலையைத் தூக்கினார். இருபத்து மூன்று வருஷம் ஊரையே நடந்து கடந்தவள் முழங்காலாலும் கையாலும் தவழ்ந்து குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் எழுந்துவிடக் கூடாதே என்று சத்தம் வராமல், நைட்டியின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு போனாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினாள்.

அரைமாத்திரை கண்ணை இறுக மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். அழுதால் அவளுக்குத் தெரிந்துவிடும். எழுந்து தூக்கினால் வெட்கப்படுவாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலி என்று வந்தவர்களுக்கெல்லாம் இருபத்தெட்டு வருஷமாக ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்தே பழகியவருக்கு, வெறுங்கையோடு படுத்துக் கிடக்கத் தெரியவில்லை.

அன்று காலை அவள் லேஸ் கட்டும்போது நீட்டிய கையில் கால்சியம், விட்டமின் இரண்டோடு மூன்றாவதாக ஒரு வெள்ளை மாத்திரையும் விழுந்தது. வலி மாத்திரை. அரை இல்லை, முழுசு. வயிற்றைக் கெடுத்துவிடக் கூடாதே என்று கூடவே ஒரு கேப்ஸ்யூல். தப்புச் செய்யும்போதும் மனிதர் பொறுப்பாகத்தான் செய்தார். இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் பார்க்காமல் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த ஒருநாள் எப்படி ஒரு வாரமானது என்றால், அவள் சந்தோஷத்தால்தான். மூன்றாம் நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி நின்றவள், "என்னங்க!" என்று போட்ட கூச்சலில் அவர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "பாருங்க, பாருங்க. வலி பாதிகூட இல்லை. அந்த மிஷின் வேலை செய்யுதுங்க!" என்று கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்து காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை எந்த வாயால் அணைப்பது? மாத்திரையை நிறுத்தினால் மறுநாள் காலை மறுபடி தவழ்வாள். அதோடு வைத்தியத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும். நாளைக்கு நிறுத்தலாம், நாளன்றைக்கு நிறுத்தலாம் என்று அவர் தள்ளிப் போட்டார். மாத்திரை அட்டையோ சட்டைப்பையிலேயே குடியேறிவிட்டது. கடைக்கு வந்தவர்களிடம் மட்டும் வழக்கம்போல், "அரை போதும்" என்றார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கூசியது.

அவளோ சும்மா இருக்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய், "பாதி வழி எதுக்கு சார், முழுசும் நானே போறேன்" என்று பையை வாங்கிக்கொண்டாள். மேட்டுத் தெரு, ஆடும் படி, மூன்றாம் மாடி எல்லாம் நடந்தாள். வீட்டுக்கு வந்து, சங்கீத டீச்சர் காலடிச் சத்தத்தை வைத்தே, "யாரது, பழைய ஆளா வந்திருக்கியா?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அரைமாத்திரை சிரித்தார். அந்த வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது முறை போனபோது பிசியோ கைப்பிடியைக் குதிகாலெங்கும் நகர்த்தித் தேடினாள். "இங்கயா?" "ஒண்ணு." "இங்க?" "ஒண்ணுதான்." "இங்க எட்டுன்னீங்களே?" "இப்ப இல்லைங்களே." பிசியோ தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காலைப் பார்த்தாள், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒரே வாரத்துலயா? அப்படி ஆனா சந்தோஷம்தான்" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை.

மூன்றாவது முறை அவள் இயந்திரத்தைத் தொடவேயில்லை. பக்கத்து அறையில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க வலி இல்லைங்கறீங்க. உள்ள வீக்கம் முன்னைவிட அதிகமா இருக்கு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு முழு வழியும் நடந்திருக்கீங்க. வலி தெரிஞ்சிருந்தா நடந்திருக்கவே முடியாது. எனக்கு ஒண்ணும் புரியலை. சிலருக்கு இந்த வைத்தியம் கேக்காது. உங்களுக்கும் கேக்கலைன்னுதான் நினைக்கிறேன். இதுக்குமேல தட்டறதுல அர்த்தம் இல்லை. உங்க ஆபீசுக்கும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்."

கட்டிலில் படுத்திருந்த தபால்காரம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"எம்மேலதான் தப்புங்களா? நான் நம்பரைச் சரியாச் சொல்லலையோ? நிஜமாவே தெரியலைங்க எனக்கு. இத்தனை வருஷமா அட்ரஸ் மாத்தி ஒரு கடுதாசி போட்டதில்லை. என் கால் வலி எங்க இருக்குன்னு எனக்கே சொல்லத் தெரியலை பாருங்க."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுது அவர் பார்த்தது அபூர்வம். மூலை நாற்காலியில் அரைமாத்திரைக்கு உட்கார முடியவில்லை. சொல்லாவிட்டால் அவளுக்கு அந்த வழி போகும். சொன்னால் தினமும் காலையில் பார்க்காமல் நீட்டுகிற அந்தக் கை போகும். இரண்டையும் வைத்து நிறுத்துப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அவ மேல தப்பில்லை. நான்தான். நான்தான் மாத்திரை கொடுத்தேன்."

"என்ன மாத்திரை?" என்றாள் பிசியோ.

அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பத்துக் குழியில் நாலு காலி. "இது ரெண்டாவது அட்டை" என்றார். "வயித்துக்கும் ஒண்ணு சேத்துத்தான் கொடுத்தேன்" என்று அதையும் சொன்னார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவருக்கே உறைத்தது.

பிசியோவுக்குக் கோபம் தலைக்கேறியது. "சார், நீங்க மருந்துக்கடையில எத்தனை வருஷம்?"

"இருபத்தெட்டு."

"தெரியாதவங்க கொடுத்தா புத்தி சொல்லலாம். தெரிஞ்சவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"தவழ்ந்து போனா" என்றார் அரைமாத்திரை. "நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு முட்டி போட்டுத் தவழ்ந்து போனா. நைட்டியை வாயில கடிச்சுக்கிட்டு. என்னால பாக்க முடியலை. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை."

பிசியோ கண்ணாடியைத் தேட ஆரம்பித்தாள். அது அவள் மூக்கில்தான் இருந்தது. தபால்காரம்மா எழுந்து உட்கார்ந்தாள். கணவனைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த அட்டையை எடுத்து, ஒவ்வொரு காலிக் குழியையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப அந்த மிஷின் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். "நான் நடந்தது?"

அட்டையை மேஜையிலேயே திரும்ப வைத்தாள்.

முடிவில் பிசியோதான் கணக்குப் போட்டாள். மூன்று வாரம் போச்சு. ஒரு வாரம் சும்மா விட்டு, மருந்து உடம்பை விட்டுப் போனதும் முதலிலிருந்து தொடங்கினால், நாலு தடவை தட்டலாம். ஆற இரண்டு வாரம். பத்தாவது வாரத்துக்குச் சரியாக இருக்கும், ஒருநாளும் மிச்சமில்லை. அதுவரை வழியில் நடக்கவே கூடாது. அடித்தள அறைதான்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். வீட்டிலும் பேச்சில்லை. அவர் ஒரு சண்டைக்காக ஏங்கினார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் காலை அவள் முக்காலியில் உட்கார்ந்து லேஸ் கட்டினாள். அவர் இரண்டு மாத்திரையோடு பக்கத்தில் நின்றார். கை நீளவில்லை. இரண்டு ஷூவையும் முழுசாகக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அட்டையைக் கொடுங்க."

கொடுத்தார். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இது?" "கால்சியம்." "இது?" "விட்டமின்." தானே பிதுக்கி எடுத்து, புரட்டிப் பார்த்து, தானே போட்டுக்கொண்டாள். அவர் கையிலிருந்த இரண்டு மாத்திரையும் வியர்வையில் பிசுபிசுத்துப் போயின. இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் மருந்து வாங்கிய ஒருவர்கூட அப்படிச் சரிபார்த்து வாங்கியதில்லை. அவருக்கு அது அறை வாங்கியது போலத்தான் இருந்தது.

அடுத்த சிகிச்சைக்குப் போனபோது பிசியோ கதவைக் காட்டினாள். "சார், நீங்க வெளிய உக்காருங்க."

"வேண்டாம்" என்றாள் தபால்காரம்மா. "உள்ளயே இருக்கட்டும். அவருக்குக் கேக்கணும்."

டக் டக் டக். "இங்கயா?" "அஞ்சு." "இங்க?" "ஏழு." "இங்க?" "ஐயோ, ஒன்பது. ஒன்பதுங்க. அங்கதான்." பிசியோ அதே இடத்தில் நின்றாள். "சுவரைப் பாக்காதீங்க" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இங்க பாருங்க." அரைமாத்திரை திரும்பினார். கைக்கு வேலை வேண்டுமே. மேஜையில் கம்பியில் கோர்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் எலும்புப் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாயிரம் தட்டு முடிவதற்குள் அதன் குதிகால் எலும்பு தனியாகக் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அவர் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து, வலியின் நடுவிலேயே தபால்காரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "இன்னொரு குதிகாலையும் கெடுத்தாச்சா?" என்றாள். ஏழு நாளில் அவள் அவரிடம் சிரித்த முதல் சிரிப்பு அது.

அன்று இரவு படுக்கும் முன் அவள் பேசினாள்.

"நான் ஏன் தவழ்ந்தேன் தெரியுமா? நீங்க பாத்தா தாங்க மாட்டீங்கன்னுதான். நீங்க ஏன் கொடுத்தீங்க? நான் தாங்க மாட்டேன்னு. நடுவுல அந்தக் கால் பாவம், அதைக் கேக்க யாருமில்லை." போர்வையை இழுத்துக்கொண்டாள். "எனக்கு மாத்திரை கொடுத்ததுகூடப் பெரிசில்லைங்க. நான் குதிச்சுக்கிட்டு நடந்து காட்டினப்ப பக்கத்துல நின்னு சிரிச்சீங்களே. அதுதான் ஆறலை."

"ஆறாதுதான்" என்றார் அவர். வேறு எதுவும் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை.

"நாளையிலேர்ந்து நான் தவழ மாட்டேன். நின்னுதான் போவேன். நம்பரைச் சொல்லிக்கிட்டே போவேன். நீங்க எழுந்து நின்னு பாக்கணும். தூங்கற மாதிரி நடிக்கக் கூடாது, கையில எதுவும் வெச்சிருக்கக் கூடாது."

அப்படியே நடந்தது. விடிந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "எட்டு" என்று முதல் அடி. "எட்டு." "ஏழு." குளியலறை வாசலில், "ஆறு." அவர் கட்டிலின் மறுபக்கம் இரண்டு கையையும் தொங்கவிட்டு நிற்பார். ஒவ்வொரு எண்ணும் அவருக்குள் இறங்கும். மாத்திரை அட்டைகள் இருக்கும் அலமாரி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கை அந்தப் பக்கம் போகாமல் நிற்பதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். முதல் நாள் அவர் கண்ணில் நீர் முட்டியபோது அவள் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை?" என்றாள். "பத்து" என்றார். "போதும், போதும், மரியாதைக்காக ஏத்தக் கூடாது" என்றாள்.

எண் ஒன்றும் ஒழுங்காக இறங்கிவிடவில்லை. ஒரு வாரம் ஆறு, மறுவாரம் ஐந்து, அதற்கடுத்த நாளே என்ன கோபமோ மறுபடி ஏழு. அன்று இருவர் டீயும் ஆறிப்போனது. ஜன்னலில்லாத அறையில் வேலை பார்த்துவிட்டு அவள் மாலையில் வெளிறிப்போய் வருவாள். சங்கீத டீச்சருக்கு வந்த ஒரு கடிதத்தை அங்கே பார்த்ததாகவும், புது ஆள் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டதாகவும் சொன்னாள். அடுத்த நாள் அரைமாத்திரை கடையில் அரை மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, மூன்றாம் மாடி ஏறி அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு வந்தார். அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. டீச்சர் போனில் சொல்லிவிட்டார். தபால்காரம்மாவும் அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. அன்று அவருக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. அட்டையை மட்டும் இன்னும் அவளேதான் வாங்கிப் பார்த்துப் பிதுக்கினாள்.

பத்தாவது வாரம் பிசியோ மறுபடி ஸ்கேன் எடுத்தாள். கட்டைவிரலால் குதிகாலை அழுத்தினாள். "எத்தனை?"

தபால்காரம்மா யோசித்தாள். பூஜ்யம் என்று சொன்னால் கடிதம் கைக்கு வந்துவிடும் என்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"மூணு" என்றாள்.

பிசியோ சிரித்தாள். "இந்த மூணை நான் நம்பறேன். வீக்கம் இறங்கியிருக்கு. இன்னும் ரெண்டு மூணு மாசம் தானா ஆறிக்கிட்டே போகும். நடங்க." முழு வழியும் நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரைமாத்திரை தான் வாங்கி வந்திருந்த ஒட்டுப்பசையை எடுத்து, பிளாஸ்டிக் பாதத்தின் குதிகாலை அதன் இடத்தில் ஒட்டி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை காலை. அவள் கட்டிலை விட்டு இறங்கி, "ரெண்டு" என்றாள். சுவரைப் பிடிக்கவில்லை. குளித்து, சீருடை மாட்டி, தபால் பையைத் தோளில் போட்டுப் பார்த்துக் கழற்றி வைத்தாள். முக்காலியில் உட்கார்ந்து லேஸ் கட்டத் தொடங்கினாள். அரைமாத்திரை வழக்கப்படி அட்டை இரண்டையும் அவள் பக்கத்து ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தார். திரும்பப் போனவர் நின்றார்.

அவள் இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. கண் லேஸில் இருந்தது.

கால்சியம் ஒன்று, விட்டமின் ஒன்று பிதுக்கினார். அந்த உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, மனது கேட்காமல், "கால்சியம் ஒண்ணு, விட்டமின் ஒண்ணு. வேற எதுவும் இல்லை" என்றார்.

"நான் கேட்டேனா?" என்றாள் அவள்.

பார்க்காமலே வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, பையை மாட்டிக்கொண்டு குதிகாலை ஊன்றிப் படியிறங்கினாள்.